அயர்லாந்தில் வேலையும் வார இறுதிப் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மென்பொருள் நிறுவனத்துக்கு வந்தாலும் மருத்துவமனைக்கு வந்தாலும் இதே கதைதான். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் இருந்தால் எல்லோருக்கும் உதவும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இங்கே அயர்லாந்து என்றால் டப்ளினைத் தலைநகராகக் கொண்ட குடியரசு. பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

வந்து இறங்கியாச்சு அக்கா. ஊர் சுத்துறதுக்கு முன்னாடி எதெல்லாம் முடிக்கணும்?

பிபிஎஸ் எண் (வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் ஆளுக்கொன்றாகத் தரும் எண்), வரித்துறையில் வேலைப் பதிவு, ஐஆர்பி அட்டை. இந்த வரிசையில் முடியுங்கள். பிபிஎஸ் எண்ணைக் கொடுக்காமல் முதல் சம்பளம் வந்தால் அவசர வரி என்று 40 சதவீதம் பிடித்துவிடுவார்கள். பதிவு செய்ததும் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வந்துவிடும். ஆனால் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய மாதத்தில் அந்தப் பணம் கையில் இல்லாவிட்டால் ரொம்பக் கஷ்டம்.

ஐஆர்பி என்பது இங்கே தங்குவதற்கான அட்டை. வந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் 300 யூரோ. அட்டை கைக்கு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகும் பயணம் எதற்கும் டிக்கெட் எடுக்காதீர்கள். நாட்டுக்குள் சுற்ற எந்தத் தடையும் இல்லை.

வருஷம் முழுக்க மழைன்னு சொல்றாங்களே, வார இறுதியில வெளிய போகவே முடியாதா?

டப்ளினில் ஆண்டுக்கு ஏறத்தாழ 750 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் இதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, 1,400 வரை. சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும், இங்கே தூறலாகப் பன்னிரண்டு மாதமும் பிரிந்து வரும். அரை மணி தூறும், அரை மணி வெயில் அடிக்கும், மறுபடி தூறும். உண்மையான மழை மேற்கே அட்லாண்டிக் கரையிலும் மலைகளிலும்தான். சில மலைகளில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும்.

அதனால் "மழை விட்டதும் கிளம்பலாம்" என்று உட்கார்ந்திருப்பவர்கள் முதல் வருடத்தை வீட்டுக்குள்ளேயே கழித்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது இதுதான்: தூறலோடு கிளம்புங்கள். குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தலைமூடி வைத்த நல்ல மழைக்கோட்டு, தண்ணீர் புகாத காலணி இரண்டுக்கும் காசு பார்க்காதீர்கள். வானிலைத் துறையான மெட் ஏரனின் செயலியில் மழை மேகம் நகர்வதை நேரடியாகப் பார்க்கலாம். "நாளைக்கு மழையா" என்று பார்ப்பதைவிட "எந்த ஒரு மணி நேரம் மழை" என்று பார்த்துப் பழகுங்கள்.

வீடு எந்தப் பக்கம் பாக்கலாம்? ஆபீஸ் பக்கத்துலயா, டவுன்லயா?

வீடு கிடைப்பதே பெரிய பாடு, அதனால் பலருக்குத் தேர்வே இருக்காது. தேர்வு இருந்தால், டார்ட் ரயில் நிலையத்துக்கோ லூவஸ் டிராம் நிறுத்தத்துக்கோ நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். வார நாளில் அலுவலகத்துக்கும், சனி ஞாயிறில் கடற்கரைக்கும் அதே தண்டவாளம் கொண்டுபோய் விடும்.

வீட்டுக்காரர் தொடக்கத்தில் கேட்கக்கூடியது ஒரு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, அவ்வளவுதான். வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். வீடு கிடைத்ததும் அதன் ஏர்கோடைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு அது. ஒவ்வொரு முகவரிக்கும் தனி ஏர்கோடு உண்டு. கூரியர், டாக்ஸி, ஆம்புலன்ஸ் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

குழாய்ல சுடுதண்ணி வரலை, ஷவரும் ஓடலை. கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. பல வீடுகளில் ஷவருக்குத் தனி மின்சார ஹீட்டர் இருக்கும். குளியலறைக் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்குகிறதா பாருங்கள். அதை இழுத்தால் சிறிய சிவப்பு விளக்கு எரியும், பிறகுதான் ஷவர் ஓடும். குழாய்ச் சுடுதண்ணீருக்கு இம்மர்ஷன் என்று தனி சுவிட்ச் இருக்கும். அதில் 'சிங்க்', 'பாத்' என்று இரண்டு நிலைகள். பாத்திரம் கழுவ முதலாவது போதும், தொட்டியின் மேல்பகுதித் தண்ணீர் மட்டும் சூடாகும். இரண்டாவதைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனால் மின்கட்டணம் எகிறிவிடும்.

இட்லி மாவு புளிக்கவே மாட்டேங்குது அக்கா, என்ன பண்றது?

மேலே சொன்ன சுடுதண்ணீர்த் தொட்டி ஓர் அலமாரிக்குள் இருக்கும். அந்த அலமாரியை இங்கே ஹாட் பிரெஸ் என்பார்கள். ஐரிஷ்காரர்கள் துண்டும் போர்வையும் காயவைக்கும் இடம் அது. மாவுப் பாத்திரத்தை ஒரு தட்டின் மேல் வைத்து, மூடி, இரவு அதற்குள் வைத்துவிடுங்கள். காலையில் பொங்கி வழிந்திருக்கும், தட்டு அதற்காகத்தான். ஹாட் பிரெஸ் இல்லாத அடுக்குமாடி வீட்டில் ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் எரியவிட்டால் போதும்.

இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் டப்ளினிலும் பெரிய ஊர்களிலும் உள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. பாலும் வெண்ணெயும் இங்கே அருமையாக இருக்கும், மாடுகள் ஆண்டின் பெரும்பகுதி வெளியில் புல் மேய்கின்றன. டீத்தூளும் திடமானது. இங்கே எல்லோரும் பால் விட்டே குடிப்பதால் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

பஸ்ஸுக்கு நின்னுட்டே இருந்தேன், நிக்காமப் போயிட்டான். ஏன்?

கையை நீட்டவில்லை என்றால் நிற்காமல் போகலாம். எண்ணைப் பார்த்ததும் கையை நீட்டுங்கள். காசு கொடுத்தால் சரியான சில்லறை வேண்டும், நோட்டு வாங்க மாட்டார்கள், மீதியும் தர மாட்டார்கள். அதனால் பணம் ஏற்றிவைத்துத் தட்டும் பயண அட்டையான லீப் கார்டை முதல் நாளே வாங்கிவிடுங்கள். டப்ளினில் ஒருமுறை தட்டினால் 2 யூரோவில் 90 நிமிடத்துக்குள் பஸ், லூவஸ், டார்ட் என்று மாறி மாறிப் போகலாம். பஸ்ஸில் ஏறும்போது தட்டினால் போதும். ரயிலிலும் டிராமிலும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது இந்த ஊர் வழக்கம், பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். நீங்களும் சொல்லுங்கள்.

கார் இல்லாம எங்கதான் போக முடியும்?

நிறைய இடங்களுக்கு. முதல் வார இறுதிக்கு ஹௌத். டார்ட்டில் ஏறினால் நகர நடுவிலிருந்து அரை மணி, மேலே சொன்ன அதே 2 யூரோ. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மீன்பிடித் துறைமுகம். மீன் கடைகளுக்குப் பின்னால் தண்ணீரில் கடல்நாய்கள் தலையை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். அங்கிருந்து கடலோரப் பாறை மேல் ஒரு நடைபாதை போகிறது, சுற்றி வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஏப்ரல், மே மாதங்களில் பாதையின் இரு பக்கமும் கோர்ஸ் என்ற முட்புதர் மஞ்சளாகப் பூத்திருக்கும். குனிந்து அந்தப் பூவை முகர்ந்து பாருங்கள். தேங்காய் வாசனை வரும். நம் ஊர்ப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் நிறுத்தி முகர வைப்பேன், எல்லோர் முகமும் மலர்ந்துவிடும்.

அடுத்தது விக்லோ மலையிலுள்ள கிளென்டலாக். செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காப் பக்கமிருந்து செயின்ட் கெவின்ஸ் பஸ் போகிறது. 6ஆம் நூற்றாண்டில் கெவின் என்ற துறவி தொடங்கிய மடத்தின் இடிபாடுகள், 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம், இரண்டு ஏரிகள். கால் வலு உள்ளவர்கள் மேல் ஏரிக்கு மேலே ஸ்பிங்க் என்ற முகட்டில் மரப்பலகைப் பாதையில் ஏறலாம். ஒன்பது கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ரயிலில் கில்கென்னி ஒன்றரை மணி நேரம், நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். கால்வே, கார்க் இரண்டும் இரண்டரை மணி நேரம். கால்வேயில் சால்ட்ஹில் கடற்கரைச் சாலையில் கடைசிவரை நடந்து, முடிவிலுள்ள சுவரைக் காலால் உதைத்துவிட்டுத் திரும்புவது உள்ளூர் வழக்கம். கார்க்கில் ரயில் மாறி 25 நிமிடம் போனால் கோவ். 1912 ஏப்ரல் 11ஆம் தேதி டைட்டானிக் கடைசியாக நின்று ஆட்களை ஏற்றிய துறைமுகம், அப்போது அதன் பெயர் குயீன்ஸ்டவுன். மேட்டில் தேவாலயம், சரிவில் வண்ண வீடுகள், கீழே கடல். ஒரு முழு நாள் அங்கேயே செலவழிக்கலாம்.

ரயில் டிக்கெட்டை அன்னிக்கே ஸ்டேஷன்ல எடுத்தா போதாதா?

எடுக்கலாம், விலை கூடும். சில நாள் முன்பே ஐரிஷ் ரெயில் தளத்தில் எடுத்தால் குறையும், இடமும் உங்களுடையது. பெரும்பாலான நெடுந்தூர வண்டிகளில் உங்கள் இருக்கைக்கு மேலே சின்னத் திரையில் உங்கள் பெயரே ஓடும். முன்பதிவுப் படிவத்தில் நீளமான தமிழ்ப் பெயரை முழுதாக அடிக்காமல் அழைக்கும் பெயரை அடியுங்கள், கண்டுபிடிப்பது எளிது. கார்க், கால்வே, கில்கென்னி வண்டிகள் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கிளம்பும். ஸ்லைகோ, பெல்ஃபாஸ்ட் வண்டிகள் கானலி நிலையத்திலிருந்து. இரண்டையும் லூவஸ் சிவப்புப் பாதை இணைக்கிறது.

மோஹர் மலைமுகட்டை ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடலாம்ல? டூர் பஸ் இருக்கே.

இருக்கிறது, நான் பரிந்துரைப்பதில்லை. போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே நேரம், அங்கே நிற்பது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. கடலிலிருந்து 214 மீட்டர் வரை செங்குத்தாக எழும் பாறைச்சுவர் அது. கடல்மூட்டம் வந்தால் வெள்ளைத் திரைதான் தெரியும், அரை மணி காத்திருந்தால் விலகும். டூர் பஸ் காத்திருக்காது.

சனிக்கிழமை கால்வே போய், அங்கிருந்து பஸ்ஸில் டூலின் என்ற சிற்றூருக்கு வந்து ஓர் இரவு தங்குங்கள். காலையில் கூட்டம் வருவதற்கு முன் முகட்டுக்குப் போய்விடலாம். வழியில் பரன் என்ற சுண்ணாம்புக்கல் நிலப்பரப்பு வரும், கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறப் பாறை, அதன் வெடிப்புகளில் பூக்கள். இரவில் டூலின் பப்களில் ஃபிடிலும் புல்லாங்குழலும் வைத்து உள்ளூர்க்காரர்கள் வாசிப்பார்கள். தடுப்பைத் தாண்டி ஓரத்தில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள். காற்று ஆளைத் தள்ளும் இடம், விளிம்பு சரியும் மண்.

நான் குடிக்க மாட்டேன். பப்புக்குப் போனா தப்பா நினைப்பாங்களா?

மாட்டார்கள். டீ கேட்டாலும் தருவார்கள், ஆல்கஹால் இல்லாத பீரும் எல்லா இடத்திலும் உண்டு. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: நண்பர்கள் சேர்ந்து போனால் ஆளுக்கொரு சுற்று எல்லோருக்கும் வாங்குவார்கள். உங்களுக்கு யாராவது எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்திருந்தாலும் உங்கள் முறை வரும்போது எழுந்து வாங்கிவிடுங்கள். சைவர்கள் சூப் சொல்லும்போது கோழிச்சாறு கலந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிராமப்புறத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். நீண்ட நடைப் பயணத்துக்குக் கையில் புளியோதரை இருந்தால் கவலை இல்லை.

எனக்கு ஷிஃப்ட் வேலை, செவ்வாய் புதன்தான் லீவு. எல்லாரும் போறப்ப நான் மட்டும் போக முடியலையே?

நீங்கள்தான் கொடுத்து வைத்தவர். டப்ளினில் கில்மைனம் சிறைச்சாலைக்கு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 எழுச்சியின் தலைவர்களைச் சுட்டுக்கொன்ற இடம், வார இறுதி டிக்கெட் திறந்த உடனே தீர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை டிக்கெட் கிடைக்க வாய்ப்பு அதிகம். விடுதி வாடகையும் ரயில் கட்டணமும் வார நடுவில் குறைவு. நைட் ஷிஃப்ட் முடித்த அன்றே நீண்ட பயணம் மட்டும் வேண்டாம்.

நம்ம ஊர் லைசென்ஸ்ல வாடகைக் கார் எடுக்கலாமா?

குறுகிய காலம் வந்து போகிறவர்கள் இந்திய உரிமத்தில் ஓட்டலாம், எப்படியும் 12 மாதத்துக்கு மேல் செல்லாது. இங்கேயே வேலை பார்த்துக் குடியிருப்பவர்கள் ஐரிஷ் உரிமம் எடுக்க வேண்டும். இந்திய உரிமத்தை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துத் தேர்வு, பழகுநர் உரிமம், கட்டாயப் பாடங்கள், ஓட்டுத் தேர்வு என்று போக வேண்டும். தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் நீளமானது, அதனால் வந்த முதல் மாதங்களிலேயே தொடங்கிவிடுங்கள்.

கையில் கார் வந்ததும் இரண்டு விஷயம். டப்ளினைச் சுற்றும் எம்50 நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா எண்ணைப் படிக்கும், மறுநாள் இரவு 8 மணிக்குள் நீங்களாகக் கட்ட வேண்டும், தவறினால் அபராதம். இரண்டாவது, கிராமப்புறச் சாலைகள். 2025 பிப்ரவரி முதல் அங்குள்ள உள்ளூர்ச் சாலைகளில் பொது வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். வளைவுக்கு அப்பால் ஆட்டு மந்தை நிற்கும் சாலைகளில் அதுவே அதிகம்.

கார் இருந்தால் கார்க் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள அஹாகிஸ்டாவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியா 182 விமானம் இந்தக் கரைக்கு அப்பால் கடல்மேல் குண்டு வெடித்து விழுந்தது, 329 பேர் இறந்தார்கள். கடலைப் பார்த்தபடி ஒரு சூரியக் கடிகார நினைவுச்சின்னமும், இறந்தவர்கள் பெயர் பொறித்த சுவரும் இருக்கின்றன. அந்தச் சிற்றூர் மக்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அங்கே கூடுகிறார்கள். பெரும்பாலும் நம் வம்சாவளியினரான அந்த மக்களுக்காக இவர்கள் செய்வதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

பெல்ஃபாஸ்ட் ரெண்டே மணி நேரம், எல்லைல யாரும் செக் பண்றதில்லை. விசா இல்லாமப் போனா என்ன?

போகாதீர்கள். எல்லையில் சாவடி இல்லை என்பது உண்மை, ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்குப் பிரிட்டன் விசா கட்டாயம். ஐஆர்பி அட்டை அங்கே செல்லாது. பஸ்ஸிலும் ரயிலிலும் அவ்வப்போது சோதனை நடக்கிறது. பிடிபட்டால் பின்னாளில் எழுதும் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் அதைச் சொல்ல வேண்டிவரும். "நண்பன் போய்வந்தான்" என்பது உங்களைக் காப்பாற்றாது.

விசா எடுத்துக்கொண்டு முறையாகப் போங்கள், அதற்குரிய இடம்தான். ஜயன்ட்ஸ் காஸ்வேயில் எரிமலைக் குழம்பு குளிர்ந்து வெடித்ததில் உருவான ஏறத்தாழ 40,000 கருங்கல் தூண்கள் கடலுக்குள் இறங்குகின்றன. அது இருக்கும் ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான் 1814இல் ராபர்ட் கால்டுவெல் பிறந்தார், பின்னாளில் திருநெல்வேலி இடையன்குடியில் வாழ்ந்து திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதியவர். அங்கே பவுண்டு செலாவணி, சாலைப் பலகைகளில் மைல் கணக்கு.

யூரோதானே செலவு பண்றோம், ஐஆர்பி வெச்சு பாரிஸ் போயிட்டு வரலாம்ல?

முடியாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் வட்டத்தில் இல்லை. பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம் எதற்கும் ஷெங்கன் விசா வேண்டும். டப்ளினிலேயே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நேரம் கிடைப்பது கடினம் என்பதால் மூன்று நான்கு மாதம் முன்பே தேதி பாருங்கள். உங்கள் ஐஆர்பி, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். அட்டையைப் புதுப்பிக்கும் மாதத்தில் பயணம் வைக்காதீர்கள்.

டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடுது, மனசே சரியில்லை. என்ன பண்றீங்க நீங்க?

இது எல்லோருக்கும் வருவது. டிசம்பரில் எட்டரை மணிக்கு மேல்தான் விடியும், நாலேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். ஊருடன் நேர வித்தியாசமும் நாலரை மணியிலிருந்து ஐந்தரை ஆகிவிடும், அலுவலகம் முடித்துக் கூப்பிட்டால் அம்மா தூங்கியிருப்பார். அதனால் அழைப்பை மதிய இடைவேளைக்கு மாற்றுங்கள். அந்த நேரத்திலேயே வெளியே நடந்துகொண்டு பேசுங்கள், கிடைக்கிற வெளிச்சத்தை உடம்பு வாங்கிக்கொள்ளட்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டை விட்டு வெளியேறுவது என்று ஒரு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம்.

குளிர்காலத்துக்கு ஏற்ற இடங்கள் உண்டு. டப்ளினில் தேசிய அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், செஸ்டர் பீட்டி மூன்றுக்கும் நுழைவு இலவசம். செஸ்டர் பீட்டியில் நம் முகலாய ஓவியங்களும் இருக்கின்றன. பாயின் பள்ளத்தாக்கிலுள்ள நியூகிரேஞ்ச் 5,000 ஆண்டுக்கு மேல் பழைய கல்லறை மேடு. ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய சில நாள்களில் விடியற்காலைச் சூரிய ஒளி, வாசலுக்கு மேலுள்ள சிறு துளை வழியாக நுழைந்து உள்ளறைத் தரையைத் தொடும். அன்று உள்ளே நிற்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். மற்ற நாள்களில் விளக்கை அணைத்துச் செயற்கை ஒளியில் அதைக் காட்டுவார்கள்.

புயல் எச்சரிக்கை வந்தா டிக்கெட் காசு போகுதேன்னு கிளம்பிடலாமா?

மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம், கடலோரப் பாறையையும் மலையையும் தவிருங்கள். ஆரஞ்சு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு என்றால் வாசலைத் தாண்டாதீர்கள். 2025 ஜனவரி 24 அன்று ஏவின் புயலுக்கு நாடு முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது, மேற்கே சில இடங்களில் திரும்ப வர இரண்டு வாரம் ஆனது. பவர் பேங்க், டார்ச், மூன்று நாளைக்கான குடிதண்ணீர் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

அப்பா அம்மா வர்றாங்க. எந்த மாசம் கூப்பிடலாம், எங்க கூட்டிட்டுப் போகலாம்?

மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை. ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், ஜூலை ஆகஸ்ட் அளவுக்கு விடுதி விலை ஏறியிருக்காது. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டால் டிசம்பர் 25 அன்று பஸ், ரயில் எதுவும் ஓடாது, டப்ளின் விமான நிலையமே மூடியிருக்கும். பெரியவர்களுக்கு கில்லார்னி நல்ல ஊர். ரயிலில் போகலாம், ஏரிக்கரை சமதளம், குதிரை வண்டியில் தேசியப் பூங்காவைச் சுற்றிக் காட்டுவார்கள். கோவிலுக்குப் போக வேண்டும் என்றால் டப்ளினில் வாக்கின்ஸ்டவுனில் 2020இல் திறந்த இந்துக் கோவில் இருக்கிறது.

இன்னொன்று. பெற்றோர் இந்தியாவிலிருந்து எடுக்கும் ஐரிஷ் விசாவில் பிஐவிஎஸ் என்று பொறித்திருந்தால் அதே விசாவில் பிரிட்டனுக்கும் போகலாம், முதலில் அயர்லாந்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை, பெல்ஃபாஸ்ட் பற்றி மேலே சொன்னது அப்படியே பொருந்தும். குடும்பமாகக் காஸ்வே போகும் எண்ணம் இருந்தால், அவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் பிரிட்டன் விசாவுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.